கைப்பிடிக்குள் எழுபது மில்லி

அந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்கும் டீசலில்தான் பிழைப்பு. அண்ணன் பங்க் வைத்து டீசல் விற்றார். தங்கையின் கணவர் அதே டீசலை ஊற்றி ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பயணிகள் படகு ஓட்டினார். தங்கை துறைமுகத்து எரிபொருள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, வந்து சேரும் டீசலில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தூசி என்று அளந்து கையெழுத்துப் போட்டாள். ஒருவர் விற்க, ஒருவர் எரிக்க, ஒருத்தி குறை கண்டுபிடிக்க என்று வேலையைப் பிரித்துக்கொண்ட குடும்பம்.

ஆய்வகத்தில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மேலாளர்கூட வெளியாட்கள் முன்னால் வாய்தவறிக் கறாரக்கா என்று கூப்பிட்டுவிட்டு, இருமி மழுப்புவார்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. நூறு மில்லி டீசலில் தண்ணீரும் தூசியும் சேர்ந்து ஒரு சொட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். ஒன்றேகால் சொட்டு இருந்தால், பத்தாயிரம் டன் ஏற்றி வந்த கப்பலாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். முதலில் பாட்டிலை நன்றாகக் குலுக்குவாள். அடியில் ஊசி போலக் குறுகும் கண்ணாடிக் குழாயில் நூறு மில்லி ஊற்றுவாள். குழாயைச் சுற்றும் மெஷினுக்குள் செருகிப் பத்து நிமிடம் விடுவாள். சுற்றுகிற வேகத்தில் கனமான தண்ணீர் குழாயின் நுனிக்குப் போய்விடும். தூசி அதற்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நுனியில் இருக்கும் கோடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள். அண்ணனும் கணவரும் அந்த மெஷினுக்கு ராட்டினம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு ராட்டினத்துல யாரைச் சுத்த விட்ட?" என்பதுதான் சாயங்காலம் வீட்டில் முதல் கேள்வி.

இந்தக் கறார் வீட்டு வாசலோடு நின்றுவிடுமா என்ன. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவள் தண்ணீர் குடித்ததில்லை. அண்ணன் கடைசியாக எப்போது கை கழுவினார் என்று தெரியாமல் அவரைச் சீட்டுக்கட்டைத் தொட விட்டதில்லை. கணவர் தினமும் காலையில் பங்க்கில் ஆறு பிளாஸ்டிக் கேன்களில் டீசல் பிடித்து, கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்ப் படகின் டேங்கில் ஊற்றுவார். கேனுக்கு இருபது லிட்டர். ஒரு முறை விளையாட்டாக அதில் ஒரு பாட்டில் எடுத்துப்போய் ராட்டினத்தில் விட்டவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் இல்லை, ஆனால் நுனியில் சாம்பல் நிறத்தில் தூசி. கேனுக்குள் எட்டிப் பார்த்தால் கரிச்சட்டி தோற்றுவிடும். அன்றிலிருந்து கேன்கள் அவள் பொறுப்பு. தினமும் சாயங்காலம் ஆறு கேனும் குளித்துவிட்டுக் கொல்லைச் சுவரில் அடித்த கம்பிகளில் தலைகீழாகத் தொங்கின.

"கேனுக்கு வந்த யோகத்தைப் பாரேன்," என்றார் கணவர். "கல்யாணமாகி இருபது வருஷத்துல என் முதுகை நீ இப்படித் தேய்ச்சதில்ல."

"உங்க முதுகு வழியா டீசல் போகலையே," என்றாள் கறாரக்கா.

படகு முதல் முறை நின்றபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றின் நடுவில், நீரோட்டம் படகைத் தூக்கித் தூக்கிப் போடும் இடத்தில், இன்ஜின் இரண்டு முறை செருமிவிட்டு அணைந்தது. படகுக்காரர் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். அதைக் கொட்டி, டேங்கின் அடியை வடித்து, குழாயில் புகுந்த காற்றை எடுத்து, மறுபடி கிளப்புவதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் சமர்த்தாக ஓடியது. நாலாம் நாள் அதே இடத்தில் அதே செருமல். தினமும் எட்டரை மணிப் படகில் போகும் வாத்தியார் ஒருவர் சுதாரித்துக்கொண்டு, விடைத்தாள் கட்டைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தார். "வீட்டுல இவ்வளவு நிம்மதியா திருத்த முடியறதில்ல," என்று அவர் மனதாரச் சொன்னது படகுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்றாம் முறைதான் வினை. படகில் துறைமுக அதிகாரியின் மனைவி இருந்தார். உச்சி வெயில், நாற்பது நிமிடம், மடியில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் டப்பா. திங்கட்கிழமையே கடிதம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை அதிகாரி நேரில் வருவார். படகு ஏன் நிற்கிறது என்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணம் தெரிந்து, அது சரிசெய்யப்பட்டும் இருந்தால் படகு ஓடலாம். இல்லையென்றால் படகைக் கரையில் கட்டிவிட்டு, அந்தத் தடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

படகுக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படகு ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் ஆசையாகச் செய்து பார்க்காத மனிதர். நாலு நாள் சேர்ந்தாற்போல் கரையில் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப, கறாரக்காவும் பின்னாலேயே ஓடினாள்.

வீட்டில் பேசாதவர் நேராகப் பங்க்குக்குப் போய்ப் பேசினார்.

"மச்சான், உங்க டீசல்ல தண்ணி இருக்கு."

பங்க்காரர் நிமிர்ந்தார். "மாப்ளே, நான் விக்கிறது டீசல். தண்ணி வேணும்னா பின்னால குழாய் இருக்கு. புடிச்சுக்கோங்க, காசு வேண்டாம்."

"வெளையாடாதீங்க. மூணு தடவை நடு ஆத்துல நின்னுட்டேன்."

"ஒரு நாளைக்கு இருநூறு வண்டி இங்க ஊத்திட்டுப் போகுது. ஒண்ணாவது ரோட்டுல நிக்குதா? உங்க படகு மட்டும் நிக்குதுன்னா குறை படகுலதான். இல்லன்னா ஓட்டறவர்கிட்ட."

கடைசி வாக்கியத்தை அவர் விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அதற்கப்புறம் பேச்சு டீசலை விட்டு எங்கேயோ போய், இருபது வருடக் கதையெல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு அக்கரைப் பங்க்கிலேயே ஊற்றிக்கொள்கிறேன் என்றார் ஒருவர். உங்கள் வீட்டு வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்றார் இன்னொருவர். ஒரு ஞாயிறு தவறாமல் சேர்ந்து சீட்டாடி, ஒரு ஞாயிறு தவறாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தத் திட்டு வேறு, இந்தத் திட்டு வேறு என்று கறாரக்காவுக்குப் புரிந்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அவள். "நான் அளக்கறேன்."

இரண்டு பேரும் உடனே சம்மதித்தார்கள். அடுத்தவர் மாட்டிக்கொள்வார் என்பதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை.

செவ்வாய்க்கிழமை அவள் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் நீளமான அளவுகோலை இறக்கினாள். கோலின் நுனியில் ஒரு பசை தடவியிருந்தது. தண்ணீர் பட்டால் சிவந்துவிடும் பசை. இறக்கிய நிறத்திலேயே அது திரும்பி வந்தது. டீசல் அடிக்கும் குழாயிலிருந்து மூன்று பாட்டில் பிடித்துப்போய் ராட்டினத்தில் விட்டாள். மூன்றிலும் கால் சொட்டுகூட இல்லை. பங்க்காரர் அன்று முழுவதும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார்.

புதன்கிழமை படகு. டேங்கின் அடியிலிருந்து எடுத்த பாட்டிலை ராட்டினத்தில் விடவே தேவையிருக்கவில்லை. கால் பாட்டில் தண்ணீர் தனியாகவே பிரிந்து நின்றது, அதுவும் கலங்கலாக. கடல் பக்கத்தில் இருந்ததால் ஆற்றுத் தண்ணீர் அங்கே உப்பு. ஆறுதான் எங்கேயாவது ஒழுகி உள்ளே வருகிறதோ என்று, பிரித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டாள். உப்புத் தண்ணீர் என்றால் பால் மாதிரி வெளுத்திருக்கும். இது லேசாக மங்கியதோடு சரி. அப்படியானால் நல்ல தண்ணீர். மழையோ இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது குழாய்த் தண்ணீர். படகுத்துறையில் ஒரு குழாய் உண்டு. அதில்தான் படகுக்காரர் தினமும் காலையில் படகின் மேல்தளத்தைக் கழுவுவார்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "கழுவும்போது டேங்க் மூடியைத் திறந்து வச்சிருந்தீங்களா?"

அவர் ஒரு காலில் செருப்போடு நின்றார். "என்னை என்னன்னு நெனச்ச? மூடியத் திறந்து வச்சிட்டுத் தண்ணி அடிக்கற ஆளா நான்?"

"நான் நெனைக்கலைங்க. அளவு சொல்லுது."

"அளவு, அளவு. உங்கண்ணனுக்கு நல்ல பேரு குடுத்துட்டுது உன் ராட்டினம். எனக்குக் கெட்ட பேரு. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கில் தப்பில்லை என்றே அவள் நினைத்தாள். ஆனால் தண்ணீர் கலந்த சரக்கோடு வந்து நிற்கும் கப்பல்காரரிடம் பேசுகிற குரலில் கட்டின கணவரிடம் பேசியிருக்க வேண்டாம். அது அவளுக்கே உறுத்தியது. உறுத்தியது என்பதற்காக மன்னிப்புக் கேட்டுவிடவும் இல்லை. அவளுக்கு வாய் அவ்வளவு சுலபத்தில் வளையாது.

வியாழக்கிழமை காலையில் படகுக்காரர் டேங்கின் அடியை ஒட்ட வடித்தார், மேல்தளத்தைக் கழுவவே இல்லை. டேங்க் மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி, டீசல் ஊற்றும்போது மட்டும் பிரித்தார். சாயங்காலம் வந்து, டேங்கின் அடியிலிருந்து பிடித்த பாட்டிலை மேஜை மேல் அவள் எதிரில் வைத்தார். பாட்டிலின் அடியில் தண்ணீர் நின்றது. அவர் சொன்னது நிஜம். விற்றவரிடம் தண்ணீர் இல்லை, எரித்தவரும் தண்ணீர் விடவில்லை, ஆனாலும் தண்ணீர் இருக்கிறது. ஆய்வகத்தில் சேர்ந்த பதினோரு வருடத்தில் முதல் முறையாகக் கறாரக்காவின் கணக்கு இடித்தது. சனிக்கிழமைக்கு நடுவே ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஆய்வகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கைவண்டியின் கூடவே கிளம்பினாள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாவிட்டால், டீசல் போகிற வழியெல்லாம் அதன் பின்னாலேயே போய்விட வேண்டியதுதான். பங்க்கில் ஒரு பாட்டில் பிடித்தாள். கணவரும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆறு கேன்களையும் நிரப்பினார்கள். படகுத்துறையில், டேங்கில் ஊற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு கேனின் அடியிலிருந்தும் நீளக் குழாயை விட்டு ஒரு பாட்டில் எடுத்தாள்.

"கேன்லயா எடுக்கற?" என்றார் படகுக்காரர், இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்து. "ஊருலயே சுத்தமான பொருள் அதான்."

"எல்லாத்துலயும் எடுக்கணும். அதான் முறை," என்றாள் அவள்.

ஆய்வகத்தில் பங்க் பாட்டிலைக் குலுக்கினாள். மேலே கொஞ்சம் நுரை எழுந்து, எழுந்த வேகத்தில் அடங்கியது. டீசல் அப்படித்தான். அடுத்து முதல் கேன் பாட்டிலைக் குலுக்கி மேஜை மேல் வைத்தாள். நுரை எழுந்தது. அடங்கவில்லை. வெள்ளை வெளேரென்று, குட்டிக் குட்டிக் குமிழாக, பாட்டிலின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தது. இரண்டாம் பாட்டில், மூன்றாம் பாட்டில், ஆறும் அப்படியே.

அந்த நுரையை அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் முழங்கை வரை பூசிக்கொள்வது அதைத்தானே.

ஆய்வகத்தில் கண்ணாடிகளைக் கழுவ ஒரு முறை உண்டு. மூன்று தடவை சோப்பு, ஏழு தடவை தண்ணீர், அப்புறம் சூடான அடுப்புப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம். வீட்டில் அவள் மூன்று தடவை சோப்புப் போட்டாள், ஏழு தடவை தண்ணீர் விட்டு அலசினாள், இருபது லிட்டர் கேனை வைக்கிற அளவுக்கு அடுப்புப் பெட்டி இல்லாததால் தலைகீழாகத் தொங்கவிட்டாள். தலைகீழாகத் தொங்குகிற கேனில் தண்ணீர் எங்கே நிற்கப்போகிறது என்று நினைத்தாள். கழுவ ஆரம்பித்த நாளையும் படகு முதலில் நின்ற நாளையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவில் நாலே நாள் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் வீட்டுக்கு ஓடினாள். காலிக் கேன்கள் திரும்பி வந்திருந்தன. ஒன்றை வழக்கம்போலக் கழுவி, வழக்கம்போலத் தொங்கவிட்டு, கடைசிச் சொட்டும் நின்று அரைமணி நேரம் ஆகிறவரை காத்திருந்தாள். பிறகு எடுத்து நிமிர்த்தினாள். குளுக் என்று ஒரு சத்தம்.

கேனின் கைப்பிடி உள்ளே குழாய் மாதிரி வெறும் கூடு. தலைகீழாகத் தொங்கும்போது அதுதான் கேனின் ஆகத் தாழ்ந்த இடம், வாய் அதற்கு மேலே ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. சோப்புத் தண்ணீர் அந்தக் கூட்டுக்குள் இறங்கி, ஏழு அலசலுக்கும் அசையாமல், விருந்தாளி மாதிரி தங்கிவிடுகிறது. அவள் அதைச் சாய்த்துச் சாய்த்து அளவுக் குவளையில் வடித்தாள். எழுபது மில்லி. இன்னொரு கேன், அறுபத்தெட்டு. இன்னொன்று, எழுபத்திரண்டு. இருபது லிட்டருக்கு எழுபது மில்லி என்றால், நூறு மில்லிக்கு ஒரு சொட்டு அனுமதிக்கிற இடத்தில் ஏழு சொட்டு. ஒரு நாளைக்கு ஆறு கேன். மூன்று நாள் சேர்ந்தால் டேங்கின் அடியில் தண்ணீர், டீசல் உறிஞ்சும் குழாய் வாய்க்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். நாலாம் நாள் நடு ஆற்றில் படகு ஆடினால் போதும், இன்ஜின் அதைக் குடித்துவிடும்.

கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பியவள், தன் கையாலேயே தினமும் கலப்படம் செய்திருக்கிறாள். அதுவும் தேய்த்துத் தேய்த்து.

யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. நாளையிலிருந்து கழுவுவதை நிறுத்தினால் படகு தானாக ஓடும். பதினோரு வருடப் பேரும் பத்திரமாக இருக்கும். மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் கடைசி வரை ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ராட்டினம் ஒரு முறை சுற்றி முடிக்கிற நேரம் அவள் கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா."

"அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"அப்ப கொல்லைப் பக்கமா வா."

கொல்லையைப் பற்றிச் சபதம் எதுவும் இல்லாததால் அவர் வந்தார். கணவர் ஒரு மூலையில், அண்ணன் ஒரு மூலையில். நடுவில் நின்று அவள் கேனைக் காட்டினாள், கைப்பிடியைக் காட்டினாள், நிமிர்த்திக் காட்டினாள், வடித்த தண்ணீரைக் குலுக்கி நுரையைக் காட்டினாள். ஒரு எண்ணைக்கூட விடவில்லை. படகுக்காரர் இன்னொரு கேனைத் தானே எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். குளுக்.

"அப்ப மச்சான் தண்ணி கலக்கலை," என்றார்.

"கலக்கலை."

"நானும் மூடியத் திறந்து வைக்கலை."

"வைக்கலை. நான்தான்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலில் சிரித்தது பங்க்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கறாரக்கா கலப்படம்," என்று சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

"அழாதே," என்றார் படகுக்காரர் அவளிடம். "அந்தத் தண்ணியும் டேங்குக்குள்ள போயிடப் போகுது."

வெளிச்சம் இருக்கும்போதே மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய் டேங்கைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துத் துடைத்தார்கள். அவள் ஆய்வக முறைப்படி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். திரும்பி வந்த கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "உன் பேரை எதுக்கு இழுக்கற? அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்." கொல்லைக் கதவோரம் அண்ணன் தனியாக வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்." அவள் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை எட்டரை மணிப் படகில் துறைமுக அதிகாரி ஏறினார். சிரிப்பைச் செலவழிக்காத முகம். வாத்தியார் வழக்கமான இடத்தில் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். இவ்வளவு வருடத்தில் படகில் ஏறியே பார்த்திராத பங்க்காரர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கறாரக்காவின் கைப்பையில் அறிக்கை இருந்தது.

"காரணம் என்ன?" என்றார் அதிகாரி, கரையை விட்டுப் பத்தடி போவதற்குள்.

கறாரக்கா பையைத் திறப்பதற்குள் படகுக்காரர் முந்திக்கொண்டார். "என் கவனக்குறைவுதான் சார். மேல கழுவும்போது டேங்க் மூடியத் திறந்து வச்சிட்டேன்."

"இல்ல சார்," என்றார் பங்க்காரர் அதே மூச்சில். "என் தொட்டியில தண்ணி இறங்கியிருக்கு. தப்பு என்னோடது."

அதிகாரி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "ரெண்டு காரணமா?"

"இல்ல சார், என்னுதுதான்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். ஐந்து நாளாக ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்ட பழிக்கு இப்போது இழுபறி. ஒருவருக்குப் படகு போகும், இன்னொருவருக்குப் பங்க் போகும். தெரிந்தேதான் இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். யாருக்காக என்று கறாரக்காவுக்குத் தெரியும். இருந்தாலும் தப்பான முடிவு எழுத்தில் ஏறுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"ரெண்டுமே தப்பு சார்," என்றாள். "இவர் மூடி சரியா இருந்துது. அவர் தொட்டியில கால் சொட்டுகூட இல்ல. அளந்து பாத்தாச்சு. தண்ணி என் சோப்புத் தண்ணி." அறிக்கையை நீட்டினாள்.

அதிகாரி படித்தார். மாதிரி எடுத்த இடம், நேரம், அளவு. நுழைந்த வழி, கேனின் கைப்பிடிக் கூடு, சராசரி எழுபது மில்லி. காரணம், கேன்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்தாமல் பயன்படுத்தியது. கழுவியவர், அளந்தவர் இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து. அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். அதற்குள் படகு நடு ஆற்றுக்கு வந்து, நீரோட்டம் அதைத் தூக்கி ஒரு போடு போட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜின் அதைப் பற்றிக் கவலைப்படாமல் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் கறாரக்கா நீங்கதானா," என்றார் அதிகாரி. "உங்க கையெழுத்தைப் பாத்து எத்தனை கேப்டன் என் ரூமுல வந்து கத்தியிருக்காங்க தெரியுமா? சரி, இனிமே கேனை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

"டீசலாலேயே அலசுவோம் சார். ஊத்தும்போது புனல்ல சல்லடை. தண்ணி கிட்டயே வராது."

அவர் அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட்டு, படகு ஓடலாம் என்று எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "இந்தக் காரணத்தை என் வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும் நீங்களே வந்து சொல்லிடுங்க," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க." அப்போதுதான் அவருக்கும் சிரிக்க வரும் என்று தெரிந்தது.

வாத்தியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கரை வந்துவிட்டிருந்தது. "இன்னும் பதினாலு பேப்பர் பாக்கி இருக்கே," என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டைக் கட்டினார்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். பங்க்காரர் கரையில் கால் வைத்ததும், நாளைக்குச் சீட்டு உண்டு, முன்வாசல் வழியாகவே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கறாரக்கா சுக்கான் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னிக்கு மூடியத் திறந்து வச்சீங்களான்னு கேட்டுட்டேன்," என்றாள். "தப்புதாங்க."

"எவ்வளவு தப்பு?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "நூத்துக்கு நூறு."

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே திரும்பினார். "கேன் கழுவற வேலை இனிமே இல்ல. சாயங்காலம் உனக்கு நேரம் இருக்கும். என் முதுகைத் தேய்ச்சு விடு. மூணு தடவை சோப்பு, ஏழு தடவை தண்ணி."

"அப்புறம் வெயில்ல ஒரு மணி நேரம்," என்றாள் கறாரக்கா. "எங்கயும் ஈரம் நிக்கக் கூடாது."